பெனீத் எ ஸ்டீல் ஸ்கை: முப்பது வருடம் தாண்டியும் இந்த கேம் ஏன் சாகவில்லை?

இரும்புக்கூரை

சைபர்பங்க் (கம்ப்யூட்டர்கள் ஆளும் இருண்ட எதிர்காலக் கதை வகை) என்றதும் நியான் விளக்கு, மழை, கறுப்புக் கோட்டு என்று பேச்சு போய்விடுகிறது. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1994-ல் வந்த 'பெனீத் எ ஸ்டீல் ஸ்கை'தான். இங்கிலாந்தில் ஹல் நகரத்தில் தொடங்கிய ரெவல்யூஷன் சாஃப்ட்வேர் என்ற சின்ன நிறுவனம் செய்தது. சார்லஸ் சிசில், டோனி வாரினர் முதலானோர் 1990-ல் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி அது. டாஸில் ஓடும் பிசியிலும் அமிகா என்ற அந்தக்கால கம்ப்யூட்டரிலும் வந்தது, வெளியிட்டது வர்ஜின்.

கதைச் சுருக்கம், ஆடாதவர்களுக்காக. 'கேப்' எனப்படும் பாழ்நிலத்தில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்குகிறது. உயிர் பிழைத்த ஒரே சிறுவனை அங்கே வாழும் மக்கள் எடுத்து வளர்க்கிறார்கள். ராபர்ட் ஃபாஸ்டர் என்று பெயர் வைக்கிறார்கள். குப்பையில் கிடைத்த உதிரிகளைக் கொண்டு அவன் தனக்கு ஒரு ரோபோ செய்துகொள்கிறான், அதுதான் ஜோயி. பல வருடம் கழித்து யூனியன் சிட்டியிலிருந்து ஆயுதத்தோடு ஆட்கள் வந்து, ஊரை அழித்துவிட்டு, ஃபாஸ்டரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நகரத்துக்கு மேலே வந்ததும் அந்த ஹெலிகாப்டரும் விழுகிறது. அந்த விபத்திலிருந்து தப்பி ஓடும் இடத்தில் நம் கையில் மவுஸ் வருகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே காலத்தில் வந்த இதைவிடப் பெரிய கேம்கள் பல இன்று பெயரளவில்தான் இருக்கின்றன. இதை மட்டும் புதிதாக ஆட ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கேம் நன்றாக இருப்பது ஒரு காரணம். செய்தவர்கள் 2003-ல் எடுத்த ஒரு முடிவு அதைவிடப் பெரிய காரணம். அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழையை ஆரம்பித்தேன், ஆனால் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள். கதை முடிவுவரை பேசுவோம், ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள்.

பதினைந்துவட்டு

நான் இதை அமிகாவில் ஆடியவன். பதினைந்து ஃப்ளாப்பி. ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு நடந்தால் வட்டை மாற்று என்று கேட்கும். மாற்றிப் போட்டால், அடுத்த கதவில் பழைய வட்டையே திரும்பக் கேட்கும். ஹார்ட் டிஸ்க் வைத்திருந்த பணக்கார நண்பர்கள் மட்டும் நிம்மதியாக ஆடினார்கள். அப்படியும் யாரும் பாதியில் விடவில்லை.

விடாததற்குக் காரணம் படங்கள். காமிக்ஸ் உலகத்தில் 'வாட்ச்மென்' வரைந்த டேவ் கிப்பன்ஸ்தான் இதன் பின்னணிகளை வரைந்தவர். அவர் பென்சிலில் வரைந்ததற்கு வண்ணம் ஏற்றி, பிறகு ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். பெட்டிக்குள்ளேயே அவர் வரைந்த ஒரு காமிக்ஸ் புத்தகமும் இருந்தது. இரும்புக்கூரை மேலே சொன்ன முன்கதை முழுவதும் அதில்தான் வருகிறது.

முதல் திரையைப் பாருங்கள். மறுசுழற்சி ஆலை, மேலே இரும்புப் படிக்கட்டு, கீழே ஃபாஸ்டரைத் தேடிக்கொண்டு ரைக் என்ற அதிகாரி. நம்மிடம் எதுவும் இல்லை. கண்ணில் படுவதில் எது கழன்று கையோடு வரும் என்று தேட வேண்டும். ஒரு கம்பி கிடைக்கிறது, அதை வைத்துக் கதவை நெம்புகிறோம். அவ்வளவுதான். ஆனால் 320க்கு 200 புள்ளிகளில், அந்தத் திரையின் உயரமும் ஆழமும் எப்படித் தெரிகிறது என்று கவனியுங்கள். காமிக்ஸ் கட்டம் போடத் தெரிந்தவர் கை அது. கண் எங்கே போக வேண்டும் என்பதை அவரே தீர்மானித்துவிடுகிறார்.

கீழ்த்தளம்

ஓவியம் பற்றிச் சொன்னது சரி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த நகரத்தின் அமைப்பு.

எதிர்காலக் கதைகளில் வழக்கமாகப் பணக்காரன் உச்சியில் இருப்பான், ஏழை கீழே சாக்கடையோரம் இருப்பான். யூனியன் சிட்டியில் அப்படியே தலைகீழ். ஆலைகளும் புகையும் தொழிலாளிகளும் மேல்மாடியில். நடுவில் குடியிருப்பு, இன்ஷூரன்ஸ் ஆபீஸ், ட்ராவல் ஏஜென்சி, ஆபரேஷன் செய்கிற கிளினிக். வசதியானவர்கள் தரையில் வாழ்கிறார்கள். அங்கே பூங்கா இருக்கிறது, கிளப் இருக்கிறது, கதீட்ரல் இருக்கிறது. மண்ணைத் தொட்டு வாழ்வதே அங்கே அந்தஸ்து.

இதனால் ஆட்டத்தின் போக்கே மாறுகிறது. லிஃப்டில் ஒவ்வொரு தளமாக இறங்க இறங்க நாம் அதிகாரத்துக்கு நெருக்கமாகப் போகிறோம். இறங்குவதற்கு அனுமதி வேண்டும். அனுமதி அட்டையில் இருக்கிறது. அட்டை நம்முடையது அல்ல. முதல் அட்டை ரைக்குடையது. அவனைக் கொல்வது நாம் இல்லை, நகரத்தை ஆளும் லிங்க் என்ற கம்ப்யூட்டர், தன் அதிகாரியையே கண் முன்னால் சுட்டுவிடுகிறது. செத்தவன் பையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டுதான் நம் பயணம் தொடங்குகிறது. அந்த நகரத்தில் மனிதன் என்றால் அட்டை, அட்டை போனால் ஆளே இல்லை. எந்த வசனத்திலும் சொல்லாமல் இதை ஆட்ட விதியாகவே வைத்துவிட்டார்கள்.

கிளினிக்கில் நடப்பதும் இதே ரகம். லிங்க்கோடு நேரடியாக இணைய உடம்பில் ஒரு இணைப்பு பொருத்த வேண்டும். காசில்லாத ஃபாஸ்டர், செத்த பிறகு உடலுறுப்பைக் கொடுப்பதாக எழுதிக்கொடுத்துத்தான் டாக்டர் பர்க்கிடம் அதைப் பொருத்திக்கொள்கிறான். சிரிப்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள். யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது.

மழைநகரம்

எல்லாரும் பாராட்டிவிட்டீர்கள், நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன்.

இந்த கேமின் தொனி எனக்கு ஒட்டவே இல்லை. ஊரே அழிந்த மனிதன் கொஞ்ச நேரத்தில் ஜோக் அடித்துக்கொண்டு நடக்கிறான். பியர்மான்ட் அம்மாளின் நாய்ப் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக்குப் போய், பூனை ஓடும் வீடியோ டேப்பைப் போட்டு நாயின் கவனத்தைத் திருப்பி, அதன் பிஸ்கட்டைத் திருட வேண்டும். அப்புறம் பூங்காவில் குளத்தோரம் கிடக்கும் பலகையின் ஒரு முனையில் பிஸ்கட்டை வைத்து, நாய் ஏறி நின்றதும் கயிற்றை இழுத்து, மறுமுனையில் செங்கல்லை விழவைத்து, நாயைக் குளத்துக்குள் பறக்கவிட வேண்டும். அதைப் பார்த்துக் காவலாளி இடத்தை விட்டு ஓடுவான், நாம் கதீட்ரலுக்குள் நுழையலாம். கார்ட்டூனில் இது நன்றாக இருக்கும். சர்வாதிகார நகரத்தின் கதைக்கு நடுவே எனக்கு இது துருத்திக்கொண்டு நிற்கிறது.

இந்த வகையில் என் தேர்வு, 1997-ல் வெஸ்ட்வுட் செய்த 'பிளேட் ரன்னர்'. அதில் யார் மனிதன், யார் ரெப்ளிகன்ட் (மனிதன் போலவே செய்த செயற்கை ஆள்) என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். நாம் ஆடும் துப்பறிவாளன் ரே மெக்காய் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்து பதின்மூன்று விதமான முடிவுகள். புதிரை அவிழ்ப்பதைவிட, நாம் என்ன மாதிரி ஆள் என்பதைத்தான் அது கேட்கிறது. சைபர்பங்க் என்றால் எனக்கு அந்தக் கேள்விதான்.

கீழ்த்தளம்

மழைநகரம், அந்த நாயைத் தாண்டி உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அனிதாவை மறந்துவிட்டீர்களா? மேல்தள ஆலையில் வேலை செய்யும் பெண். ஃபாஸ்டரிடம் நின்று பேசியதைத் தவிர வேறு தவறு எதுவும் அவள் செய்யவில்லை. மேற்பார்வையாளன் லாம்ப் போட்டுக்கொடுக்கிறான், தண்டனையாக அணு உலைக்கு அனுப்பப்படுகிறாள். பின்னால் நாம் அவள் உடலைத்தான் பார்க்கிறோம். நாம் க்ளிக் செய்து பேசிய பேச்சுக்கு அவள் உயிரைக் கொடுத்திருக்கிறாள். முதல் பாதியின் கிண்டல் இல்லாவிட்டால் அந்த இடம் இப்படி உறைக்காது.

பதினைந்துவட்டு

புதிர்களைப் பொறுத்தவரை ஜோயியை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஜோயி என்பது உண்மையில் ஒரு சர்க்யூட் போர்டு. எந்த உடம்பில் செருகுகிறோமோ அந்த உடம்பின் வேலையை அவன் செய்வான். முதல் உடம்பு குப்பையில் கிடக்கும் ஒரு பழைய துப்புரவு இயந்திரம், தன்னை இப்படி ஆக்கிவிட்டாயே என்று அவன் திட்டிக்கொண்டே வருவான். பிறகு வெல்டிங் ரோபோ உடம்பு கிடைக்கிறது. அதை வைத்து இன்ஷூரன்ஸ் ஆபீசில் நிற்கும் சிலையின் நங்கூரத்தை அறுத்தெடுத்து, கேபிளில் கட்டி, எதிர்க் கட்டிடத்துக்குத் தாவுகிறோம். கதாபாத்திரமும் கருவியும் ஒன்றாக இருப்பதால், பையில் சாமான் சேர்க்கிற வழக்கமான புதிரிலிருந்து இது வேறுபடுகிறது. நமக்குத் தேவையான கருவிக்கு ஒரு வாய் இருக்கிறது, அது மறுத்துப் பேசவும் செய்கிறது.

இன்னொன்று, ரெவல்யூஷன் தங்கள் இன்ஜினுக்கு (கேமை ஓட்டும் அடிப்படை நிரலுக்கு) வர்ச்சுவல் தியேட்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1992-ல் செய்த 'லூர் ஆஃப் தி டெம்ப்ட்ரஸ்'ஸிலேயே அது இருந்தது. மற்ற கேம்களில் ஆட்கள் நாம் வரும்வரை ஆணி அடித்தது போல நிற்பார்கள். இதில் லாம்ப் தன் பாட்டுக்கு நடமாடுவான். அவனைத் தேடிப் போனால் அங்கே இருக்க மாட்டான், காத்திருக்க வேண்டும். சில நேரம் எரிச்சலாக இருக்கும், ஆனால் நகரம் நமக்காக நிற்கவில்லை என்ற உணர்வு வந்துவிடும்.

கட்டளைவரி

இரும்புக்கூரை சொன்ன 2003 முடிவைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். நான் இந்த கேமை அறிந்ததே லினக்ஸ் வழியாகத்தான். கல்லூரியில் புதிதாக உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டு, சாஃப்ட்வேர் பட்டியலில் விளையாட்டுப் பிரிவைத் துழாவியபோது பெயரைப் பார்த்து இறக்கினேன். அது ஒரு காலத்தில் கடையில் விற்ற கேம் என்பதே எனக்குத் தெரியாது. என்னைப் போல எத்தனையோ பேர் இதற்குள் வந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

நடந்தது இதுதான். ஸ்கம்விஎம் என்ற திட்டம் 2001-ல் ஆரம்பித்தது. முதலில் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் பழைய அட்வென்ச்சர் கேம்களைப் புது கம்ப்யூட்டர்களில் ஓட வைப்பதுதான் நோக்கம். இது எமுலேட்டர் அல்ல. பழைய டாஸ் கம்ப்யூட்டரை அப்படியே நடிக்கவைப்பதற்குப் பதிலாக, கேமின் இன்ஜினையே புதிதாக எழுதிவிடுகிறார்கள். பழைய தரவுக் கோப்புகளை அந்தப் புது இன்ஜின் படித்து ஓட்டுகிறது. அதனால் விண்டோஸ், மேக், லினக்ஸ், போன் என்று எதில் வேண்டுமானாலும் ஓடும்.

இன்ஜினைப் புதிதாக எழுத வேண்டுமானால் பழையது எப்படி வேலை செய்தது என்று தெரிய வேண்டும். சோர்ஸ் கோட், அதாவது நிரலை எழுதியவர்களின் மூல வரிகள், இல்லையென்றால் எக்ஸிக்யூட்டபிள் கோப்பைப் பிரித்துப் போட்டு வரிவரியாக ஊகிக்க வேண்டும். ரெவல்யூஷன் என்ன செய்தது? தன் சோர்ஸ் கோடை எடுத்து ஸ்கம்விஎம் ஆட்களிடம் கொடுத்தது. அசெம்பிளி மொழியில் எழுதிய கோடு அது. அவர்கள் அதைப் பார்த்துப் புதிதாக எழுதினார்கள். 2003 ஆகஸ்டில் ஸ்கம்விஎம்மில் ஓடத் தொடங்கிய கையோடு கேமையே ஃப்ரீவேராக, அதாவது இலவசமாக, விட்டுவிட்டார்கள், ஃப்ளாப்பி பதிப்பு, குரல் உள்ள சிடி பதிப்பு இரண்டையும். 'லூர் ஆஃப் தி டெம்ப்ட்ரஸ்'ஸும் அதே வருடம் இலவசமானது.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகளின் சாஃப்ட்வேர் களஞ்சியத்துக்குள் அது போனது இதற்கு அடுத்த படி. அங்கே போய்விட்டால் ஒரு கேமைத் தனி ஒருவர் பாதுகாக்க வேண்டியதில்லை. உலகம் முழுக்க உள்ள மிரர் சர்வர்களில் அது பிரதியெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இரும்புக்கூரை

கட்டளைவரி, நான் சொல்ல நினைத்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். இதற்கு எதிர்ப்பக்கமாக மழைநகரத்தின் பிளேட் ரன்னரையே எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் மிகவும் பிடித்த கேம்தான்.

அதன் சோர்ஸ் கோட் தொலைந்துவிட்டது. வெஸ்ட்வுட்டை ஈஏ என்ற பெரிய கேம் நிறுவனம் வாங்கி, பிறகு லாஸ் வேகாஸ் ஸ்டுடியோவை மூடி இடம் மாற்றியதில் போனது போனதுதான். வெளியாகி இருபது வருடத்துக்கும் மேல் சட்டப்படி அதை டிஜிட்டலாக வாங்க வழியே இல்லை. நான்கு சிடி கொண்ட பழைய பெட்டி வைத்திருந்தவன் மட்டும்தான் ஆட முடிந்தது. கடைசியில் அதைக் காப்பாற்றியதும் ஸ்கம்விஎம் ஆட்கள்தான். சோர்ஸ் இல்லாமல், பல வருடம் ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்து, 2019-ல் ஓடவைத்தார்கள். அந்த வருடம் டிசம்பரில்தான் ஜிஓஜி என்ற கேம் விற்பனைத் தளத்தில் அது விற்பனைக்கு வந்தது, ஸ்கம்விஎம் துணையோடு.

அதற்குப் பிறகு 2022-ல் நைட்டைவ் நிறுவனம் ஒரு மேம்படுத்திய பதிப்பை வெளியிட்டது. படம் மழுங்கிப்போய், ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். மூலப் பதிப்பைத் தனியாக வாங்க முடியாதபடி எடுத்திருந்ததையும் எதிர்ப்புக்குப் பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள். சோர்ஸ் கையில் இல்லாமல் செய்த வேலை அது. ஒரு பக்கம் கோடு பத்திரமாக இருந்து, செய்தவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் கோடே இல்லை. இரண்டும் ஒரே தலைமுறை கேம்கள்.

மழைநகரம்

இதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இலவசமாகக் கொடுத்தால் நிறுவனம் என்ன சாப்பிடும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. எல்லாச் சின்ன நிறுவனத்தையும் அப்படிக் கொடு என்று நாம் கேட்க முடியுமா?

கட்டளைவரி

நியாயமான கேள்வி. இந்த ஒரு வழக்கில் நடந்ததைப் பார்ப்போம். 2003-ல் அந்த கேமைக் கடையில் யாரும் விற்கவில்லை, அதனால் கையை விட்டுப் போன வருமானம் பெரிதாக இருந்திருக்காது. 2009-ல் அதே கேமை ஐபோனுக்கு ரீமாஸ்டர் செய்து காசுக்கு விற்றார்கள். கிப்பன்ஸின் ஓவியத்தோடு புது அறிமுகக் காட்சி, குறிப்புகள் கொடுக்கும் வசதி எல்லாம் சேர்த்தார்கள். இலவசப் பதிப்பு இணையத்தில் கிடந்தபோதே அது விற்பனைக்கு வந்தது. 2020-ல் 'பியாண்ட் எ ஸ்டீல் ஸ்கை' என்று இரண்டாம் பாகம். இருபத்தாறு வருடம் கழித்து ஒரு தொடர்ச்சி எடுக்க முதலீடு கிடைக்கிறது என்றால், நடுவில் வந்த தலைமுறைக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்ததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அந்தத் தலைமுறைக்கு அது தெரிந்தது இலவசமாகக் கிடைத்ததால்.

எல்லாரும் இலவசமாகத் தர வேண்டாம். சோர்ஸ் கோடைத் தொலைக்காமல் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. 1994-ல் வந்த 'ட்ரீம்வெப்' என்ற இன்னொரு சைபர்பங்க் அட்வென்ச்சரும் 2012-ல் ஸ்கம்விஎம் வழியாக ஃப்ரீவேராக வந்தது. ஆக, இது தனித்து நடந்த ஒன்று இல்லை.

கீழ்த்தளம்

இரண்டாம் பாகத்தைப் பற்றி யாராவது பேசுங்கள் என்று காத்திருந்தேன். முதல் பாகத்தின் முடிவைச் சொல்லாமல் அதைப் பேச முடியாது.

லிங்க்குக்கு உயிர் கொடுப்பது ஒரு மனித மூளை. நாற்காலியில் கட்டுண்டு கிடக்கும் அந்த மனிதர் ஃபாஸ்டரின் அப்பா. அவர் இறந்துகொண்டிருக்கிறார், அதனால்தான் வாரிசாக மகனைத் தேடி ஆள் அனுப்பியது அந்த இயந்திரம். கடைசியில் ஃபாஸ்டர் உட்காராமல், ஆண்ட்ராய்டு உடம்பில் இருக்கும் ஜோயி உட்காருகிறான். முழுக் கதையிலும் உடம்பு மாற்றிக்கொண்டே வந்தவனுக்கு நகரமே உடம்பாகிறது. அவன் நல்லவன் என்பதால் நகரமும் நல்லதாகிவிடும் என்று கதை முடிகிறது.

அந்த நம்பிக்கையைத்தான் இரண்டாம் பாகம் கிளறுகிறது. பத்து வருடம் கழித்து ஃபாஸ்டர் திரும்பி வருகிறான், மைலோ என்ற சிறுவன் கடத்தப்பட்டதால். நகரம் பளபளவென்று இருக்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் க்யூடோஸ் என்று ஒரு மதிப்பெண். சிரிக்காவிட்டால், ஒத்துப்போகாவிட்டால் அது குறையும். கெட்டவன் ஆட்சியை நல்லவன் ஆட்சியாக மாற்றினால் போதுமா, ஆட்சியே ஒரு இயந்திரத்திடம் இருப்பதுதான் சிக்கலா? 1994-ல் கேட்காமல் விட்ட கேள்வியை அதே ஆட்கள் 2020-ல் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

மழைநகரம்

இதை ஒத்துக்கொள்கிறேன், கேள்வி நல்ல கேள்வி. ஆட்டமாக எனக்கு இரண்டாம் பாகம் திருப்தி தரவில்லை. ஹேக் செய்கிற கருவி நல்ல யோசனைதான். இரண்டு இயந்திரங்களின் கட்டளைகளைப் பிடுங்கி இடம் மாற்றிப் போட்டால், கதவு ரோபோவைப் போலவும் ரோபோ கதவைப் போலவும் நடந்துகொள்ளும். ஆனால் முப்பரிமாணத்துக்கு வந்ததும் கிப்பன்ஸின் அந்தக் கட்டம் கட்டமான பார்வை போய்விட்டது. கேமராவை நாம் சுழற்றுகிறோம், கண் எங்கே போக வேண்டும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. பதினைந்துவட்டு முதலில் சொன்ன பலமே அதுதானே?

பதினைந்துவட்டு

ஆமாம், அதே குறைதான் எனக்கும். ஆனாலும் ஜோயி முதல் தடவை வாய் திறக்கும் இடத்தில் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

புதுக்கணக்கு

முழு இழையையும் படித்தேன். முடிவு தெரிந்துவிட்டது, பரவாயில்லை, ஆடத்தான் போகிறேன். எந்தப் பதிப்பில் ஆரம்பிக்கலாம்? பழைய கேம் எதுவும் ஆடிப் பழக்கமில்லை.

கட்டளைவரி

வாங்க. ஸ்கம்விஎம் தளத்திலேயே கேமும் இலவசமாக இருக்கிறது. சிடி பதிப்பை எடுங்கள், ஜோயியின் குரல் அதில்தான் இருக்கிறது. ஜிஓஜி தளத்திலும் காசு கேட்காமல் தருகிறார்கள், அங்கே எல்லாம் சேர்ந்தே வரும், அமைக்கிற வேலை கிடையாது. இடது க்ளிக் செய்தால் என்ன பொருள் என்று பார்ப்பான், வலது க்ளிக் செய்தால் அதைக் கையாளுவான். திரையின் மேல்விளிம்புக்குச் சுட்டியைக் கொண்டுபோனால் பையில் உள்ள சாமான் தெரியும்.

கீழ்த்தளம்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இதில் ஃபாஸ்டர் சாகலாம். லூகாஸ்ஆர்ட்ஸ் கேம் மாதிரி எப்படியும் பிழைத்துவிடுவான் என்று நினைக்காதீர்கள், அடிக்கடி சேவ் செய்யுங்கள். லிங்க்குக்குள் இணைந்து போகும் பகுதி வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே பையில் சாமான் இருக்காது, நிரல்கள்தான் இருக்கும். அதில் பூட்டிக் கிடக்கும் ஆவணங்களைத் திறந்து படித்துவிடுங்கள். பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது, அவசரத்தில் தாண்டிவிட்டால் கடைசி நாற்காலிக் காட்சி சரியாகப் புரியாது.

இரும்புக்கூரை

மாட்டிக்கொண்டால் உடனே விடையைத் தேடாமல் இங்கே கேளுங்கள், முழுதாகச் சொல்லாமல் ஒரு குறிப்பு மட்டும் தருவோம். ட்ராவல் ஏஜென்சிப் பக்கம்தான் பெரும்பாலும் எல்லாரும் நிற்பார்கள். அங்கே லாம்ப்புக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.